ஞாயிறு அர்ச்சனை

அழித்துவிட்டேன். பத்து முப்பத்தொன்றுக்கு அழித்தேன், மீன் வளர்க்கிறவர்களின் வாட்ஸப் குழுவில் அந்த இடத்தில் இப்போது 'செய்தி நீக்கப்பட்டது' என்று சாம்பல் நிறத்தில் ஒரு வரி மட்டும் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம், சுத்தமாக அழித்துவிட்டேன். ஆனால் அனுப்பியது பத்து இருபதுக்கு. நடுவில் பதினோரு நிமிஷம். பதினோரு நிமிஷத்தில் நாலாம் வகுப்பு படிக்கிற ஒரு பையன் என்னவெல்லாம் செய்யலாம். குளித்துவிட்டு வரலாம். தெருவில் இறங்கி இரண்டு ஓவர் பந்து போட்டுவிட்டு வரலாம். ஞாயிற்றுக்கிழமை, அப்பாவோடு வண்டியில் கறிக்கடைக்குப் போயிருக்கலாம், போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கலாம், அப்படியே இருக்கட்டும் சாமி. இல்லையென்றால் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, மேலே வந்து வாயை வாயைத் திறக்கிற மீனையே பார்த்துக்கொண்டு, எப்போது பதில் வரும் எப்போது பதில் வரும் என்று அப்பாவுடைய போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்திருக்கலாம். மீன் சாகிற நேரத்தில் நான் அப்படித்தான் இருப்பேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் இருப்பார்கள். என் குரல் வந்த உடனே அமுக்கியிருப்பான். நாற்பத்தாறு வினாடி. அதில் அந்தச் சொல், அந்த வசவு, மூன்று தடவை.

எனக்கு எப்படித் தெரியும். குழுவில் அவன் பெயர் பாலமுருகன் மாவு மில் என்றுதான் இருக்கிறது, படத்தில் ஓர் அரவை மிஷின், மிஷின் நெற்றியில் சந்தனம். மாவு மில் என்றால் ஐம்பது வயதில், புருவமெல்லாம் மாவாக, பனியன் போட்ட ஓர் ஆள் என்றுதானே நினைப்பேன். மூன்று நாளாகக் கேட்டதையே கேட்டுக்கொண்டிருந்தது அந்த மாவு மில். மீன் மேல வருது ஏன். மீன் மேல வருது ஏன். பில்டர் கழுவிட்டேன் இன்னும் மேல வருது. எதில் கழுவினீர்கள் என்று யாரோ கேட்டதற்குக் குழாயில் என்று பதில், பக்கத்தில் கட்டை விரலை உயர்த்திய ஒரு பொம்மை வேறு. அந்தக் கட்டை விரலைப் பார்த்ததும்தான் எனக்கு ஏறியது. பில்டரில் இருக்கிற ஸ்பாஞ்சுக்குள்தான் மீனுடைய கழிவைத் தின்கிற நுண்ணுயிர் எல்லாம் குடியிருக்கிறது, அதைக் கொண்டுபோய் மருந்து கலந்த குழாய்த் தண்ணீரில் காட்டினால் அத்தனையும் செத்துப்போகும், அப்புறம் தன் மூத்திரத்திலேயே மீன் மூச்சு முட்டிச் சாகும், இதை இந்த நான்கு வருஷத்தில் நானூறு தடவை சொல்லியிருப்பேன். வாஷ் ஏரியாவுக்குப் போனேன், கதவைச் சாத்திக்கொண்டேன், வழக்கம்போல ஆரம்பித்தேன். யாரைக் கேட்டுடா ஸ்பாஞ்சைக் குழாயில கழுவின, அங்கே ஒன்று. கழுவினதோட நிக்காம எதுக்குடா வேளா வேளைக்குத் தீனி போட்ட, அங்கே ஒன்று. இனிமேலாவது நல்லா கேட்டுக்க, அங்கே ஒன்று. அப்புறம்தான் வைத்தியம். அனுப்பிவிட்டு வந்து, தண்ணீர் மாற்ற டியூப்பை என் தொட்டிக்குள் விட்டு, வாளியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஆறு நிமிஷம் கழித்து ரஹ்மத்துல்லா தனியாக எழுதினார். புதுக்கோட்டையில் வண்ண மீன் கடை வைத்திருப்பவர், குழுவில் என்னோடு இன்னோர் அட்மின், ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. "சுதாக்கா, மாவு மில்லுன்னு இருக்குல்ல, அது அவரு இல்லக்கா. அவரு பையன். நாலாப்பு படிக்கிறானாம். நேத்து எனக்குப் போன் பண்ணுனான், மீன் செத்துருமான்னு அழுவுறான்க்கா. அந்த வாய்ஸை எடுத்துருங்க." படித்தது இருபத்தாறுக்கு, அழித்தது முப்பத்தொன்றுக்கு, அந்த ஐந்து நிமிஷம் எங்கே போனது என்று கேட்டால் என்னிடம் பதில் இருக்கிறது, ஆனால் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. முதலில், யார் யார் கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்தேன். முப்பத்தெட்டுப் பேர். மாவு மில் அதில் இல்லை, வந்து சேர்ந்தது என்கிற பட்டியலில்தான் இருந்தது. அப்பாடா என்று இரண்டு வினாடி. பிறகு விரல் ஈரம். தொட்டால் நகரவில்லை, அழுத்தினால் எங்கேயோ போய் யாருடைய படத்தையோ திறக்கிறது, நைட்டியில் துடைத்தேன், நைட்டியும் ஈரம். கடைசியில் எனக்கு மட்டும் நீக்கவா, எல்லோருக்கும் நீக்கவா என்று கேட்டது. மாற்றி அமுக்கிவிட்டால் என் கண்ணுக்கு மட்டும் மறைந்துபோய் மற்ற அத்தனை பேரிடமும் அப்படியே இருக்கும், திரும்ப எடுக்கவே முடியாது, அந்தப் பயத்தில் விரலைத் தூக்கிக்கொண்டே நின்றேன், ஒருமுறைக்கு மூன்றுமுறை படித்துவிட்டு அமுக்கினேன். அமுக்கியதும் அந்தப் பட்டியலும் சேர்ந்து போய்விட்டது. கேட்டானா கேட்கவில்லையா என்று பார்ப்பதற்கு இனி ஒரு வழியும் கிடையாது. நானே அழித்தேன்.

தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. டியூப்பை வாயில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தால் போதும், பிறகு அதுபாட்டுக்கு வாளியில் இறங்கும், எத்தனை கவனமாக இழுத்தாலும் ஒரு மிடறு வாய்க்குள் வந்துவிடுகிறது, துப்பினாலும் அந்தப் பாசி ருசி மத்தியானச் சாப்பாடு வரைக்கும் நாக்கில் இருக்கும். நாலு ஏஞ்சல் மீனும் மூலையில் ஒதுங்கி நின்று என்னைப் பார்க்கின்றன. உங்களுக்கென்ன, காது இருக்கிறதா உங்களுக்கு. எத்தனை அர்ச்சனை உங்கள் பெயரால் நடந்திருக்கிறது. அர்ச்சனை என்றுதான் குழுவில் சொல்வார்கள். புதிதாக வருகிறவர் யாராக இருந்தாலும் முதல் ஞாயிற்றுக்கிழமை தன் தொட்டியைப் படம் பிடித்துப் போட வேண்டும், அதில் இருக்கிற கோளாறுகளை எடுத்து நான் குரலில் அர்ச்சனை செய்ய வேண்டும், சுதாக்காவிடம் வாங்கிக்கட்டிக்கொண்டால்தான் மீன் பிழைக்கும் என்று ஒரு பேச்சு. வாங்கியவர்கள் கோபித்துக்கொள்வதே இல்லை, அதுதான் எனக்கு முதலில் ஆச்சரியம். கும்பிடுகிற கை போடுவார்கள். காரைக்குடியில் ஒருத்தர் என் அர்ச்சனையை ரிங்டோனாக வைத்திருப்பதாகச் சொன்னார், அவரை மனைவி கூப்பிட்டால் நான் திட்டுகிறேனாம். சிரித்தேன். ரொம்பப் பெருமையாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது. உறையூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்து ஆபீசில் உட்கார்ந்து மாற்றுச் சான்றிதழ் எழுதுகிறவள் நான், இருபது வருஷமாக மாணவியின் நடத்தை நன்று, மாணவியின் நடத்தை நன்று என்று எழுதுகிறேன், ஹெட்மாஸ்டர் அம்மா பக்கத்தில் நாற்காலியை இழுத்தால்கூடச் சத்தம் வராமல் இழுக்கிறவள். வீட்டுக்காரர் ஓசூரில், மாதம் ஒருமுறை வருவார், அவரிடமும் நான் குரலை உயர்த்தியதில்லை. வாஷ் ஏரியா கதவைச் சாத்திவிட்டு, கழற்றிப் போட்ட துணிக்கும் வாஷிங் மிஷினுக்கும் நடுவில் நின்றுகொண்டு அந்தச் சொல்லைச் சொல்லும்போது மட்டும் நெஞ்சுக்குள் ஏதோ ஜன்னல் திறக்கிறது. முதல் தடவை வந்தது ஊரடங்கு சமயத்தில். மீனுக்கு ஊசி போட்டுச் சாயம் ஏற்றி விற்கிற ஒருத்தன் அதைக் குழுவிலேயே பெருமையாகப் போட்டான். என் வாயிலிருந்து வந்தது அந்தச் சொல், நானே எதிர்பார்க்கவில்லை.  பிறகு சிரிப்புப் பொம்மைகள், நாற்பது ஐம்பது, வந்துகொண்டே இருந்தன.

எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா. அது அப்பாவுடைய சொல். டவுன் பஸ் கண்டக்டர், டூட்டியில் ஆயிரம் பேரிடம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் திறப்பார். அப்போது எனக்கு எட்டு வயது. ரசத்தில் உப்பு இல்லை, அவ்வளவுதான் விஷயம். நான் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு ஆறாம் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தேன், ஆறெட்டு என்று எழுதியிருந்தேன், நாற்பத்தெட்டு எழுதவில்லை. அம்மா எழுந்து போய் உப்பு ஜாடியைக் கொண்டுவந்து வைத்தாள், வைத்த சத்தம்கூட நினைவிருக்கிறது. அப்பா ஒருதடவைகூட என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை, குழந்தை இருக்கிறாளே என்று யாருக்கும் தோன்றவில்லை, குழந்தைக்கு என்ன புரியும் என்றிருப்பார்கள். புரியத்தான் இல்லை. ஆனால் எடுத்து வைத்துக்கொண்டேன். மறுநாள் வீட்டில் யாரும் இல்லாதபோது காலிக் குடத்துக்குள் வாயை வைத்து மெதுவாக அதைச் சொல்லிப் பார்த்தேன். குடம் திருப்பிச் சொன்னது. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். உடம்பெல்லாம் கூசியது, பிடித்தும் இருந்தது, குடத்தை இருந்த இடத்தில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டேன். அப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல் யாரிடமும் சொன்னதில்லை. அதனால்தான் பயமாக இருக்கிறது. குழந்தை ஒரு சொல்லைக் கேட்டால் என்ன செய்யும் என்று பேச்சுப்போட்டியில் பேசுகிறவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அழாது, கேட்காது, யாரிடமும் சொல்லாது. பத்திரமாக வைத்திருக்கும். அந்தப் பையன் எந்தக் குடத்தைத் தேடிப் போவான். மாவு மில்லில் மிஷின் ஓடுகிற சத்தத்தில் சொல்லிப் பார்ப்பானோ, யாருக்கும் கேட்காது என்று.

முதல் வாளி நிரம்பிவிட்டது. டியூப்பை மடக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டாவது வாளிக்கு மாற்றுகிறேன். நிரம்பிய வாளியை எடுத்துக்கொண்டுபோய்ப் பால்கனிச் செடிக்கு ஊற்றுவது ஹாசினியின் வேலை, ஏழாவது படிக்கிறாள், ஞாயிற்றுக்கிழமையில் அவள் செய்கிற ஒரே வேலை. கூப்பிடவில்லை. அறைக்குள் காதில் ஹெட்போனோடு படுத்திருப்பாள். போன வருஷம் தீபாவளிக்கு முன்னால் அந்த ஹெட்போனோடு இருந்தபோதுதான் அது நடந்தது, இன்றைக்குப் பார்த்து அது ஞாபகத்துக்கு வர வேண்டுமா. ஏதோ சுடுகிற விளையாட்டு, நாலைந்து பிள்ளைகள் அவரவர் வீட்டிலிருந்து சேர்ந்து விளையாடுவார்கள், பேசிக்கொண்டே விளையாடுவார்கள், ஹெட்போன் மாட்டியிருப்பதால் தான் கத்துவது அவளுக்கே தெரியாது. நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அந்தச் சொல் கேட்டது. என் சொல், அப்பா சொல், எங்கள் வீட்டு நடுக்கூடத்தில், என் மகள் குரலில். மாவுக் கையோடு போய் அறைந்தேன். கன்னத்தில் மாவு ஒட்டிக்கொண்டது. "பொம்பளப் புள்ள பேசுற பேச்சாடி இது? எங்கடி கத்துக்கிட்ட? யாருடி சொல்லிக் குடுத்தா?" என்று கத்தினேன். அவள் அழவில்லை. என்னைப் பார்த்தாள், பிறகு வாஷ் ஏரியா பக்கம் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். குற்றம் செய்த பிள்ளை என் கண்ணைப் பார்க்க முடியாமல் தவிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மோனிஷாவா என்று நானாகத்தான் கேட்டேன். இரண்டாவது மாடியில் இருக்கிற பெண், இவளோடு ஒரே வேனில் போகிறவள், கொஞ்சம் வாய்த் துடுக்கு. ஹாசினி இல்லை என்று தலையாட்டினாள். தோழியைக் காட்டிக்கொடுக்க மாட்டாளாம், அழுத்தம் என்று நினைத்தேன். மாடியேறிப் போய் மோனிஷாவின் அம்மாவை நிற்க வைத்துக் கேட்டேன். "எங்க வீட்ல அந்த மாதிரி வார்த்தையெல்லாம் யாரும் பேச மாட்டோங்க" என்று அந்தம்மா சொன்னதற்கு, எங்க வீட்ல மட்டும் பேசுறோமா என்று நான் கேட்டேன். கேட்டேனே, அதே வாயால். அதோடு இரண்டு பெண்களும் பேசிக்கொள்வதில்லை. வேனில் தனித்தனி சீட்.

சரி, அது முடிந்த கதை. இப்போது இந்தப் பையன். கேட்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம், கேட்ட முப்பத்தெட்டுப் பேர் சும்மாவா இருப்பார்கள், இந்நேரம் யாராவது இறக்கி வைத்திருப்பார்கள், என் அர்ச்சனைகளைச் சேர்த்து வைக்கிறவர்களே இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள், அக்காவே அழித்துவிட்டார் என்றால் அதற்கு மவுசு கூடும். யாராவது திரும்பப் போட்டால். போடாதீர்கள் என்று எழுதலாம். எழுதினால் என்ன அது என்று கேட்காதவர்களும் கேட்பார்கள். மன்னிப்புக் கேட்கலாம். யாரிடம். தம்பி, அக்கா தெரியாமல் பேசிவிட்டேன் என்று அவனுக்கு அனுப்பினால், கேட்காமல் இருந்தவன் என்ன பேசினீர்கள் என்று கேட்பான். அவன் அப்பாவுக்குப் போன் செய்யலாம். செய்து என்ன சொல்வது, உங்கள் பிள்ளையிடம் உங்கள் வீட்டுப் பெண்களைப் பற்றி மூன்று தடவை இப்படிச் சொன்னேன் என்றா. எந்தப் பக்கம் போனாலும் அந்தச் சொல்லைத் திரும்பவும் எடுக்க வேண்டியிருக்கிறது. எடுக்காமல் மூடவும் வழியில்லை. இவன் ஒருத்தன்தானா என்பது அப்போதுதான் உறைத்தது. நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருக்கிற குழு. மாவு மில்லுக்குள் ஒரு பையன் இருந்தால் மற்றதற்குள் எல்லாம் யார் இருக்கிறார்கள். பெயரே இல்லாத நம்பர்கள், படத்தில் பூ, படத்தில் சாமி, படத்தில் பைக். மீன் தொட்டி என்றால் வீட்டில் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பது யார், குழந்தைகள்தானே, அவர்கள் கேட்டுத்தானே அப்பன்மார் வாங்கிக் கொடுக்கிறார்கள், இது நான்கு வருஷமாக எப்படி என் மண்டையில் ஏறாமல் இருந்தது. டியூப்பை வாளியில் விட்டுவிட்டு, கையை நன்றாகத் துண்டில் துடைத்துக்கொண்டு, உறுப்பினர் பட்டியலைத் திறந்தேன். அதை நான் திறந்ததே இல்லை. அட்மின்கள் மேலே இருந்தார்கள். நான். ரஹ்மத்துல்லா. மூன்றாவதாக இன்னொன்று, பழைய நம்பர் என்று.

பழைய நம்பர் என்று நான்தான் பதிந்து வைத்திருக்கிறேன், என் பழைய நம்பரை. முதலில் குழுவை ஆரம்பித்தது அந்த நம்பரில்தான், புது போன் வாங்கியதும் இந்த நம்பரைச் சேர்த்துக்கொண்டேன், அதை எடுக்க மறந்துவிட்டேன், அதனால் என்ன. அந்தப் போன் எங்கே. ஊரடங்கில் ஆன்லைன் வகுப்புக்கு என்று ஹாசினியிடம் கொடுத்தேன், பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் அனுப்புவதும் அந்த நம்பருக்குத்தான், இப்போதும் அவளிடம்தான் இருக்கிறது. இல்லை, ஒரு நிமிஷம். அவள் இதையெல்லாம் பார்க்க மாட்டாள், அம்மாவுடைய மீன் குழுவைப் பார்த்து அவளுக்கு என்ன ஆகப்போகிறது. போன ஞாயிற்றுக்கிழமை தேனிக்காரர் ஒருவருக்குச் செய்த அர்ச்சனை அழியாமல் அப்படியே இருக்கிறது. அனுப்பியது பத்து மூன்று. கேட்டவர்கள் பட்டியலைத் திறந்து கடைசிக்குத் தள்ளிக்கொண்டு போனேன், முதலில் கேட்டவர் கடைசியில் இருப்பார். பழைய நம்பர், பத்து நான்கு. அதற்கு முந்தைய வாரம். பழைய நம்பர், அனுப்பிய அதே நிமிஷம். அதற்கும் முன்னால். இன்னும் முன்னால், மார்ச் மாதம், ஜனவரி மாதம். எங்கே போய்ப் பார்த்தாலும் முதலில் அவள். பிள்ளை காதில் விழக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டு நான் பேசியதை நானூற்றுப் பன்னிரண்டு பேரில் முதல் ஆளாக அவள்தான் கேட்டிருக்கிறாள், பத்தடி தள்ளி, சுவருக்கு அந்தப் பக்கம், வாரம் தவறாமல். அறைந்த அன்றைக்கு அந்தப் போனை வாங்கி நான் முழுசாகச் சோதித்தேனே. விளையாட்டைப் பார்த்தேன், பார்த்த படங்களைப் பார்த்தேன், பிள்ளைகளோடு எழுதிக்கொண்டதை ஒரு வரி விடாமல் படித்தேன். என் குழுவும் அதில் இருந்திருக்கும். மேலேயே இருந்திருக்கும். என்னுடையது என்பதால் என் கண் அதைத் தாண்டிப் போயிருக்கிறது.

அப்படியென்றால் அவள் வாஷ் ஏரியா பக்கம் பார்த்தது. யாருடி சொல்லிக் குடுத்தா என்று நான் கேட்டேன், அவள் பதில் சொன்னாள், கண்ணால் காட்டினாள், எனக்குத்தான் தெரியவில்லை. நீதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஹாசினி. அறை வாங்கிக்கொண்டு, தோழியை இழந்து, எட்டு மாதமாக வேனில் தனி சீட்டில் உட்கார்ந்து போய்க்கொண்டிருக்கிறாயே, ஏன் சொல்லவில்லை. சொன்னால் எனக்கு அவமானமாக இருக்கும் என்றா. இல்லை, சொன்னால் நான் நிறுத்திவிடுவேன், அப்புறம் அந்தக் குரலைக் கேட்க முடியாது என்றா. வீட்டில் நான் அவளிடம் சாப்பிட்டியா, எழுதினியா, விளக்கை அணை என்பதற்கு மேல் என்ன பேசுகிறேன். குழுவில்தான் நான் சிரிக்கிறேன், கத்துகிறேன், ஆளாக இருக்கிறேன். அதைக் கேட்கத்தான் கேட்டிருப்பாளோ. வெட்கமாக இருக்கிறது. என் உடம்பில் எந்த இடத்தை மூடிக்கொள்வது என்று தெரியாத மாதிரி வெட்கமாக இருக்கிறது. எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார வேண்டும், ஏதாவது சொல்ல வேண்டும். என்ன சொல்வேன். அம்மா வேறு யாரிடமோ பேசினேன், உன்னிடம் இல்லை என்றா. என் அப்பாவும் என் அம்மாவிடம்தான் சொன்னார், என்னிடம் இல்லை. நாற்பத்தெட்டு எழுதாமல் படுத்திருந்தேன் நான்.

"அம்மா, வாளி வழியுது பாரு." ஹாசினி வந்து நிற்கிறாள், ஹெட்போன் கழுத்தில் தொங்குகிறது. டியூப்பைத் தூக்கிப் பிடித்தேன். தரையெல்லாம் தண்ணீர். அவள் வழக்கம்போல வாளியைத் தூக்கவில்லை, தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள், என் கையில் இருந்த போனைப் பார்த்தாள். பட்டியல் அதில் திறந்தபடியே இருந்தது. நான் அணைக்கவில்லை, அணைக்கத் தோன்றவில்லை.

"அந்த மாவு மில் பையன் இருக்கான்ல" என்றாள்.  "நீ அந்த வாய்ஸை அழிச்சிட்டியேம்மா, அதுலதான வைத்தியமும் சொல்லியிருந்த. இப்ப அவனுக்கு யாரு சொல்லுவா? மறுபடி கேட்டிருக்கான் பாரு, இன்னும் மேலயே வருதாம். ஒரு மீன் படுத்துருச்சாம்."

பார்த்தேன். இருந்தது. மீன் மேல வருது ஏன். ஒண்ணு படுத்துருச்சு. பத்து நாற்பதுக்குக் கேட்டிருக்கிறான், பக்கத்தில் அழுகிற பொம்மை. இத்தனை நேரம் அவன் காதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன், அவன் மீனைப் பற்றி ஒரு வினாடி நினைக்கவில்லை. பேச வேண்டும், உடனே பேச வேண்டும், கால் பங்கு தண்ணீர் மாற்று, தீனியை நிறுத்து, இவ்வளவுதான். போனை வாயருகே கொண்டுபோனேன். யாரைக் கேட்டு என்று ஆரம்பிக்கிற குரலைத் தவிர வேறு குரல் என்னிடம் இல்லை. தொண்டையில் அந்தப் பாசி ருசி மட்டும் இருந்தது.  போனை மடியில் வைத்தேன்.

ஹாசினி வழிந்த தண்ணீரின் மேல் துண்டைப் போட்டாள். "நான் வேணா சொல்லட்டுமாம்மா?" என்றாள். பிறகு, என்னைச் சமாதானம் செய்கிற மாதிரி, "திட்டாமச் சொல்றேன்" என்றாள்.

நான் தலையை ஆட்டினேனா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் அறைக்குப் போகவில்லை. தன் போனோடு வாஷ் ஏரியாவுக்குப் போனாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. ஒரு நிமிஷத்தில் என் மடியில் இருந்த போன் அதிர்ந்தது, பழைய நம்பர், நாற்பத்தாறோ நாற்பத்தேழோ வினாடி. அமுக்கினேன். யாரைக் கேட்டுடா தம்பி ஸ்பாஞ்சைக் குழாயில கழுவின என்றது குரல், சின்னக் குரல், ஆனால் ஏற்றமும் இறக்கமும் என்னுடையது, மூச்சு எடுக்கிற இடம் என்னுடையது, அதட்டிவிட்டுச் சட்டென்று தணிகிற அந்த இடம்கூட என்னுடையது. கால் பங்கு தண்ணீரை மாற்றச் சொன்னாள், முந்தின நாளே பிடித்து வைத்த தண்ணீராக இருக்க வேண்டும் என்றாள், இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கு என்றாள், இரண்டு நாள் தீனி போடாதே, பசியில் மீன் சாகாது, பயப்படாதே என்றாள். ஒரு தப்பில்லை. மூன்று இடத்தில் மட்டும் குரல் நின்றது, ஒரு சொல் அளவுக்கு. நான் எங்கெங்கே சொல்லியிருந்தேனோ அங்கெங்கே நின்றது. அப்புறம் ஒன்றும் நடக்காதது மாதிரி தொடர்ந்தது.